பி.எட். சேர்வது முதல் செயல்முறைத் தேர்வு வரை: எந்த வேலையை எப்போது முடிப்பது

ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியர் பொறுப்பும் உண்டு. பாடம் நடத்த வராமல் தவிப்பவர்களை விட, எதை முதலில் முடிப்பது என்று தெரியாமல் மாட்டிக்கொள்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பயிற்சியின் கடைசி வாரம், எழுதி முடிக்காத ஏடுகளை (பயிற்சி வேலைகளை எழுதும் ரெக்கார்டு நோட்டுகளை) அடுக்கி வைத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறை வாசலில் கண் கலங்கி நின்ற பிள்ளைகள் உண்டு. அந்த நிலை யாருக்கும் வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

இது இரண்டாண்டு பி.எட். படிப்புக்கானது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஏடுகளின் எண்ணிக்கையும் மதிப்பெண் பங்கும் பாடத்திட்டம் மாறும்போது மாறும். சேர்ந்த முதல் வாரமே உங்கள் ஆண்டுக்குரிய ஒழுங்குமுறை ஏட்டை வாங்கிப் படித்துவிடுங்கள். சீனியர் சொன்ன கணக்கை நம்பி எழுதிவிட்டு, மறுபடி உட்கார்ந்து எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

1. பணம் கட்டுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

இதை முதலில் சொல்லக் காரணம், இங்கே வரும் தவறைப் பின்னால் திருத்த முடியாது. மற்ற எல்லாவற்றையும் ஓடியாடிச் சரிசெய்யலாம்.

முதலாவது, படித்த வரிசை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்று இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கை கிடையாது. பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் முடித்த பலர் இதில்தான் அடிபடுகிறார்கள்.

இரண்டாவது, மதிப்பெண். பொதுப் பிரிவுக்குப் பட்டப் படிப்பில் 50 விழுக்காடு வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. எந்தப் பாடங்களைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள் என்பதைச் சேர்க்கை அறிவிக்கையில் பார்த்து நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, பட்டத்தின் பெயர். பள்ளிப் பாடத்தோடு நேராகப் பொருந்தும் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்றால் கவலையில்லை. புதுப் பெயரில் வந்த பட்டம் என்றால் அதற்கு இணைத்தன்மை அரசாணை (அந்தப் பட்டம் பள்ளிப் பாடப் பட்டத்துக்குச் சமம் என்ற அரசு உத்தரவு) இருக்கிறதா என்று தேடுங்கள். வணிகவியல், பொருளியல் படித்தவர்கள் முதுகலைப் பட்டத்தைக் கொண்டுதான் சேர முடியும். இணைத்தன்மையைப் பார்க்காமல் படித்து முடித்தால் பி.எட். சான்றிதழ் கைக்கு வரும், ஆனால் பணி நியமனச் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

நான்காவது, கல்லூரி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம், பல்கலைக்கழக இணைப்பு இரண்டும் நடப்பு ஆண்டுக்கு இருக்க வேண்டும். கொங்குப் பகுதியில் குமாரபாளையத்தில் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. கோவையில் பெண்களுக்கான அரசு கல்வியியல் கல்லூரி, பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் கல்வியியல் கல்லூரி இருக்கின்றன. முதலில் அரசு, உதவிபெறும் இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். தனியார் கல்லூரிகளில் நல்லவை பல உண்டு. ஆனால் "கல்லூரிக்கு வரவே வேண்டாம், பரிட்சைக்கு வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் படித்து வந்த ஒரு பெண் எங்கள் பள்ளியில் முதல் நாள் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி பத்து நிமிடம் பேசாமல் நின்றார். தவறு அவருடையது இல்லை. நுண்ணிலைக் கற்பித்தலை (சக மாணவர்கள் முன் சில நிமிடம் ஒரு திறனை மட்டும் நடத்திப் பழகுவதை) அவருக்கு யாரும் நடத்தியதே இல்லை.

2. சான்றிதழ்க் கட்டு

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், பட்டப் படிப்பின் ஒட்டுமொத்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ் அல்லது பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இதில் பெரிய சிக்கல் இன்ஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பட்டச் சான்றிதழில் முன்னால் இரண்டு எழுத்து. மூன்றும் ஒரே ஆள் என்று ஒவ்வொரு மேசையிலும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே மூலமாக வைத்து, மாற்றக்கூடிய ஆதாரை அதற்கேற்ப முதலில் திருத்துங்கள்.

கல்லூரியில் மூலச் சான்றிதழ்களைக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

3. நாள் கணக்கு

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் நெறிமுறைப்படி ஓர் ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். வகுப்புகளுக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை கட்டாயம். நெறிமுறை எல்லாருக்கும் தெரியும், அதை நாட்களாக மாற்றிப் பார்ப்பவர்கள் குறைவு.

200 நாளில் 80 விழுக்காடு என்றால் 160 நாள். ஆண்டுக்கு 40 நாள் விடுப்பு இருப்பதாகத் தோன்றும். ஆனால் 16 வாரப் பயிற்சியில் வாரத்துக்கு 5 நாள் வைத்தால் 80 நாள், அதில் 72 நாள் வந்தாக வேண்டும். கையில் இருப்பது 8 நாள்தான். ஊர் மாரியம்மன் நோம்பி, அக்கா கல்யாணம், காய்ச்சல் எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். கல்யாணத் தேதி முன்பே தெரிந்தால் அந்த நாட்களைக் காலண்டரில் குறித்துவிட்டு, மிச்சத்தைக் கைவைக்காமல் நோய்நொடிக்கு வைத்திருங்கள்.

மொத்தப் படிப்பையும் சேர்ந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது. ஆகவே அரியர் விழுந்தால் அடுத்த வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள்.

4. நுண்ணிலைக் கற்பித்தல்

முதலாண்டின் இந்த வேலையைப் பலர் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பது சக மாணவர்கள்தானே என்ற எண்ணம். ஆனால் பள்ளியில் நான் பார்க்கும் குறைகளில் பாதி, இதைச் சரியாகச் செய்யாததால் வருபவை.

ஒரு சுற்று 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. நடுவில் இருக்கும் 12 நிமிடம்தான் உயிர். அதை விட்டுவிட்டு உடனே இரண்டாம் முறை நடத்தினால் முதல் முறை செய்த அதே தவறு திரும்ப வரும்.

ஒரு சுற்றில் ஒரு திறன் மட்டும். வினா கேட்டல் என்றால் வினா மட்டும்தான். கரும்பலகை எழுத்தையும் எடுத்துக்காட்டையும் பாராட்டையும் சேர்த்துக் காட்ட முயன்றால், பார்ப்பவர் எதைத் திருத்துவார்? திறன்களை இணைப்பதற்குப் பின்னால் இணைப்புப் பாடம் என்று தனியாக வருகிறது, அதுவரை பொறுங்கள்.

வினா கேட்டலில் எல்லாரிடமும் வரும் பிழை ஒன்று. கேள்வி கேட்டதும் இரண்டு விநாடி கூடக் காத்திருக்காமல் தாங்களே பதிலைச் சொல்லிவிடுவது. கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த அமைதி நடத்துபவருக்கு நீளமாகத் தெரியும், யோசிக்கும் பிள்ளைக்கு அது போதாமல்கூட இருக்கும்.

5. முதலாண்டின் 4 வாரம்

பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம். முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் உற்றுநோக்கல்தான். வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும்.

"ஆசிரியர் நன்றாக நடத்தினார்" என்று எழுதிய ஏடுகள் நிறைய வருகின்றன. அதனால் எழுதியவருக்கு எந்தப் பயனும் இல்லை. மணி அடித்து எத்தனை நிமிடத்தில் பாடம் தொடங்கியது, யாரிடம் கேள்வி கேட்டார், பதில் தப்பாக வந்தபோது என்ன சொன்னார், கடைசி வரிசையில் இருந்தவன் எப்போது நிமிர்ந்து பார்த்தான் என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் வகுப்புக்கு அது உதவும்.

பள்ளிப் பதிவேடுகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு என்று பட்டியல் நீளும். அலுவலகத்தில் வேலை குறைவாக இருக்கும் பிற்பகலில் போய்ப் பணிவாகக் கேட்டால் காட்டுவார்கள்.

6. 16 வாரம் தொடங்குவதற்கு முன்

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் மூன்றைப் பாருங்கள். உங்கள் பாடத்துக்கு அங்கே ஆசிரியர் இருக்கிறாரா, நீங்கள் நடத்த வேண்டிய வகுப்புகள் எல்லாம் அங்கே உண்டா, காலை வழிபாட்டுக்கு முன் போய்ச் சேர டவுன் பஸ் இருக்கிறதா. நம்பியூர், புளியம்பட்டிப் பக்கம் சில ஊர்களுக்குக் காலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது வர வெகுநேரம் ஆகும். முதல் நாளுக்கு முன் ஒருமுறை அதே பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

அனுமதிக் கடிதம் கல்லூரி வழியாக முதன்மைக் கல்வி அலுவலரிடம் போய் வர வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் தலைமை ஆசிரியர் உங்களை வகுப்புக்குள் விட முடியாது, விடவும் கூடாது. நகல் இரண்டு எடுத்து ஒன்றைப் பள்ளியில் கொடுங்கள், ஒன்றை ஏட்டில் ஒட்டுங்கள்.

முதல் நாளே வழிகாட்டி ஆசிரியரிடம் கால அட்டவணையும், வரும் வாரங்களில் நடத்த வேண்டிய பாடங்களின் பட்டியலும் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த பாடத்தை எழுதிக்கொண்டு வந்துவிட்டு, அது போன மாதமே முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் முகம் வாடுபவர்கள் உண்டு. காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் இடையில் வரும் வாய்ப்பு அதிகம். அந்த நாட்களைக் கழித்துவிட்டு மீதியைப் பிரியுங்கள்.

7. பாடத்திட்டம் எழுதுவது

பாடத்திட்டம் என்று இங்கே சொல்வது ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்று எழுதும் திட்டம் (லெசன் பிளான்). இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

நோக்கத்தை முதலில் எழுதுங்கள், கடைசி மதிப்பீட்டு வினாவை இரண்டாவதாக எழுதுங்கள், நடுவில் உள்ளதை அப்புறம் நிரப்புங்கள். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தால்தான் நடுவில் எதை விடலாம் என்று தெரியும். "அழுத்தம் பற்றி அறிந்துகொள்வர்" என்று எழுதினால் அறிந்தார்களா என்று பார்க்க வழியில்லை. "ஆழம் கூடினால் திரவ அழுத்தம் கூடும் என்பதைச் சோதனை கொண்டு விளக்குவர்" என்று எழுதினால் அதை வகுப்பிலேயே சோதித்துவிடலாம்.

நேரத்தைப் பிரித்து ஓரத்தில் குறியுங்கள். 45 நிமிட வகுப்பில் அறிமுகம் 5 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சத்தி (சத்தியமங்கலம்) பக்கமிருந்து வந்த ஒரு பயிற்சி ஆசிரியை எட்டாம் வகுப்பில் திரவ அழுத்தம் நடத்தினார். பிளாஸ்டிக் பாட்டிலில் மேல், நடு, கீழ் என மூன்று ஓட்டை போட்டு, வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். வகுப்பில் தண்ணீரை ஊற்றியதும் மூன்றிலும் பீய்ச்சி அடித்தது. அவர் மேசையைத் துடைத்துவிட்டு, "எதுல இருந்து தூரம் போச்சு?" என்று கேட்பதற்குள் பாட்டில் காலி. "ஓடிப்போயிருச்சுங்க டீச்சர்" என்றான் முன்வரிசைப் பையன்.

அன்று மாலை உட்கார்ந்து பேசினோம். சோதனை சரி, வரிசைதான் தப்பு. மறுநாள் அடுத்த பிரிவில் மூன்று ஓட்டைகளையும் ஒரே நீள டேப்பால் ஒட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்பினார். பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "டேப்பை எடுத்தா எது ரொம்ப தூரம் போகும்?" என்று கேட்டார். பாதிப் பேர் மேல் ஓட்டை என்றார்கள், சிலர் நடு என்றார்கள். இரண்டு பேரை அழைத்துப் பலகையில் பதில்களை எண்ணி எழுதச் சொன்னார். பிறகுதான் டேப்பை இழுத்தார். கீழ் ஓட்டைத் தண்ணீர் மேசையைத் தாண்டி விழுந்தது. "ஏனுங்க டீச்சர் கீழ மட்டும்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து பவானிசாகர் அணையின் அடிப்பகுதியை ஏன் மேல்பகுதியைவிட அகலமாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அவர் போனபோது வகுப்பில் ஒருவர் பார்வையும் வெளியே போகவில்லை. செலவு ஒரு பாட்டிலும் ஒரு துண்டு டேப்பும்.

கற்பித்தல் துணைக்கருவி என்றதும் கடையில் சார்ட் வாங்கிப் புத்தகப் படத்தைப் பெரிதாக வரைய வேண்டாம். புத்தகம் பிள்ளைகளின் கையிலேயே இருக்கிறது. அமிலம், காரம் நடத்த நம் ஊரில் மஞ்சளை விட நல்ல கருவி ஏது? மஞ்சள் தூளைக் குழைத்த தண்ணீரில் தாளை நனைத்துக் காயவைத்து எடுத்துப் போங்கள். சோப்புத் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரும் பட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளாகவே இருக்கும். இதைத் தலைகீழாக எழுதிய ஏடுகளையும் திருத்தியிருக்கிறேன், ஆகவே வீட்டில் செய்து பார்க்காமல் எழுதாதீர்கள்.

பாடத்திட்டத்தை நடத்துவதற்கு முந்தைய நாளே வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். காலையில் மணி அடிக்கும்போது நீட்டினால் அவர் படிக்க மாட்டார். படிக்காமல் போடும் கையெழுத்தால் உங்களுக்கு ஒரு திருத்தம் கூடக் கிடைக்காது.

8. கையெழுத்து அன்றன்றே

பயிற்சி மாணவர்களுக்குத் தனி வருகைப் பதிவேடு இருக்கும். காலையும் மாலையும் போடுங்கள். விட்டுப்போன நாளைப் பின்னால் நிரப்பச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள்.

ஏட்டில் தேதி, வகுப்பு, பிரிவு, பாடவேளை நான்கையும் நடத்திய அன்று மாலையே எழுதி முடியுங்கள். நடத்திய பின் தோன்றியதை நாலு வரி சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. கடைசியில் மொத்தமாக எழுதும்போது ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு மாட்டியவர்கள் உண்டு. செயல்முறைத் தேர்வுக்கு வருபவர் காலண்டரை வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

9. அடைவுத் தேர்வு

நீங்கள் நடத்தியதைப் பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று பார்க்க நீங்களே வைக்கும் தேர்வு இது. வரிசை இதுதான்: புளூபிரிண்ட் (எந்தத் திறனுக்கு எத்தனை வினா என்று காட்டும் கட்டம்), வினாத்தாள், விடைக்குறிப்பு, தேர்வு, திருத்தல், மதிப்பெண் பகுப்பாய்வு. வினாத்தாளை எழுதிவிட்டு அதற்கேற்றாற்போல் புளூபிரிண்ட் போடுவது பரவலான தவறு. கட்டம் அழகாகப் பொருந்தும், ஆனால் வினாக்கள் எல்லாம் மனப்பாடத்தையே சோதிக்கும். புளூபிரிண்டை முதலில் போட்டால் புரிதலுக்கும் பயன்படுத்துதலுக்கும் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

உங்கள் பாடங்கள் ஓரளவு முடிந்த பிறகு, பயிற்சி முடிய மூன்று வாரமாவது இருக்கும்போது தேர்வை வையுங்கள். அப்போதுதான் அலைவெண் பட்டியல், சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் எல்லாம் போட்டுப் பார்த்து, பாதிப் பேர் தவறிய வினாவை மறுபடி நடத்த நேரம் கிடைக்கும்.

10. செயல் ஆராய்ச்சியும் தனியாள் ஆய்வும்

செயல் ஆராய்ச்சி என்பது வகுப்பில் காணும் ஒரு சிக்கலுக்கு ஒரு வழியைச் செய்து பார்த்து, பலன் கிடைத்ததா என்று அளப்பது. "மாணவர்களின் ஆங்கிலத் திறனை மேம்படுத்துதல்" என்ற தலைப்பை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அதை யாராலும் 16 வாரத்தில் செய்ய முடியாது. தலைப்பில் யார், எந்தச் சிக்கல், எந்த வழி என்ற மூன்றும் இருக்க வேண்டும். "ஏழாம் வகுப்பில் 12 பேர் வேறுவேறு பகுதி உள்ள பின்னங்களைக் கூட்டுவதில் செய்யும் பிழைகளைக் காகித மடிப்பு மூலம் குறைத்தல்" என்றால் செய்து முடிக்கலாம்.

முன்தேர்வை இரண்டாம் வாரத்திலேயே வைத்துவிடுங்கள். பயிற்சி கொடுத்த பிறகு முன்தேர்வு வைக்க முடியாது. அதற்காக மதிப்பெண்ணைக் கற்பனையாக எழுதுவது பொய். பிள்ளைகளைப் பற்றிப் பொய் எழுதிப் பழகி இந்தத் தொழிலுக்குள் வர வேண்டாம் என்று நான் கெஞ்சியே கேட்பேன். முன்னேற்றம் குறைவாக வந்தாலும் உள்ளபடி எழுதுங்கள், மதிப்பெண் குறையாது.

தனியாள் ஆய்வு என்பது ஒரே ஒரு பிள்ளையை நெருக்கமாகக் கவனித்து எழுதுவது. அதற்குப் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். திருப்பூர், பெருந்துறைப் பக்கம் வட மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அம்மா, அப்பா இருவருமே நைட் ஷிப்ட் போகும் வீடுகள் உண்டு. வகுப்பில் தூங்கும் பையனைப் பார்த்ததும் "ஆர்வமின்மை" என்று எழுதாதீர்கள். முந்தின இரவு என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குப் படுத்தான் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஏட்டில் உண்மைப் பெயர் வேண்டாம். அந்த ஏடு பல கைகளுக்குப் போகும்.

11. செயல்முறைத் தேர்வு

ஒரு மாதம் முன்பே பட்டியல் போட்டு ஏடுகளைச் சரிபாருங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்து, வழிகாட்டி ஆசிரியர், தலைமை ஆசிரியர், கல்லூரிப் பேராசிரியர் கையெழுத்து, பள்ளி முத்திரை. முத்திரை விட்டுப்போனதற்காகக் கோபியிலிருந்து கோவைக்கும் திரும்பவும் ஒரே நாளில் அலைந்த பிள்ளையைத் தெரியும்.

தேர்வாளர் அட்டையின் அழகைப் பார்ப்பதில்லை. ஏதாவது ஒரு பாடத்திட்டத்தைத் திறந்து, "இந்த நோக்கம் நிறைவேறியதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்பார். நீங்களே நடத்திய பாடம் என்றால் பதில் தானாக வரும். அடுத்தவர் ஏட்டைப் பார்த்து எழுதியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

12. முடித்த உடனே

ஆசிரியர் தகுதித் தேர்வை பி.எட். இறுதியாண்டிலேயே எழுதலாம். இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கானது, 150 வினாக்கள். பள்ளிப் பாடப் புத்தகங்களைப் பயிற்சிக் காலத்திலேயே குறிப்பெடுத்திருந்தால் பாதிச் சுமை குறையும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்த பி.எட். தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே முதல் தாளுக்கு விண்ணப்பித்துப் பணத்தையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டாம்.

மதிப்பெண் பட்டியல் வந்ததும் தற்காலிகச் சான்றிதழை வாங்குங்கள், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் பி.எட். தகுதியைச் சேர்த்துவிடுங்கள். கல்லூரியில் கொடுத்த மூலச் சான்றிதழ்களைப் பழைய ரசீதோடு ஒப்பிட்டு எண்ணி வாங்குங்கள். பயிற்சி முடித்ததற்குத் தலைமை ஆசிரியர் கொடுத்த சான்றிதழின் நகலையும், திருத்தங்கள் உள்ள பாடத்திட்ட ஏடுகளையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சத்தி பக்கத்து ஆசிரியை இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். எட்டாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வரும்போதெல்லாம் பழைய ஏட்டைத்தான் எடுக்கிறாராம். டேப் என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.